கரி பிடித்துக்கொள்ளும்... பிடித்ததை எங்கே வைப்பது?

காங்கேயம் முதல் ராணிப்பேட்டை வரை ஒரு பயணம்

'எங்கள் கிணறு பாலாற்றங்கரையில் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்து தண்ணீர் கெட்டுவிட்டது. கொட்டாங்கச்சிக் கரி போட்டால் குரோமியம் மாதிரியான கன உலோகங்களை அது இழுத்துக்கொள்ளும் என்கிறார்கள். கரி மூட்டையைக் கிணற்றில் இறக்கலாமா? எத்தனை கிலோ போட வேண்டும்?'

வாணியம்பாடி பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது. இதே சந்தேகம் ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கமிருந்தும் வேறு வேறு வார்த்தைகளில் வந்துகொண்டிருக்கிறது. 'ஆம்', 'இல்லை' என்று ஒரு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை. கரி தயாராகும் ஊரையும், அந்தக் கரிக்கு வேலை இருக்கும் ஊரையும் நேரில் பார்த்துவிட்டு எழுதலாம் என்று கிளம்பினேன். முதலில் காங்கேயம். பிறகு பாலாறு.

தொட்டி கரியாகும் ஊர்

காங்கேயம் என்றதும் காளைதான் நினைவுக்கு வரும். கிளுவை வேலி போட்ட கொறங்காடு, நடுவே வெள்வேல மரங்கள், கொழுக்கட்டைப் புல் மேயும் மாடுகள். அந்தக் காட்சி இன்னும் இருக்கிறது. ஆனால், ஊரை நெருங்க நெருங்கக் கண்ணில் படுவது கொப்பரைக் களங்கள்தான். பொள்ளாச்சி, உடுமலை தொடங்கிக் கேரளா வரையிலிருந்து வரும் தேங்காய் இங்கே உடைபட்டு, காய்ந்து, எண்ணெயாகிறது. பருப்பு எண்ணெய்க்குப் போகிறது. நார் கயிற்றுக்குப் போகிறது. மிச்சம் இருக்கும் தொட்டி, மலையாகக் குவிகிறது. வட மாவட்டங்களில் கொட்டாங்கச்சி, தெற்கே சிரட்டை, கொங்கில் தொட்டி. பெயர் மூன்று, பொருள் ஒன்று.

ஒரு கரிக் களத்தில் விசாரித்தபோது, அங்கிருந்தவர் முதலில் என்னைத்தான் கேள்வி கேட்டார். "எந்தக் கரி வேணுமுங்க? அடுப்புக்கா, பேக்டரிக்கா?"

அந்தக் கேள்வியில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கரியில் இரண்டு ரகம் உண்டு. குழியிலோ டிரம்மிலோ தொட்டியைப் போட்டு, காற்று அதிகம் புகாமல் மூடிக் கருக்குவது முதல் ரகம். இது சாதாரணக் கரி. குழி முறையில் 1,000 முழுத் தொட்டிக்குச் சுமார் 35 கிலோ கரி கிடைக்கும். அதாவது, ஒரு டன் கரிக்கு ஏறக்குறைய 30,000 முழுத் தொட்டி வேண்டும்.

இரண்டாவது ரகம், அந்தக் கரியையே மறுபடி ஆலைக்குக் கொண்டுபோய், சுழலும் உலையில் 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவி செலுத்தித் தயாரிப்பது. இதைத்தான் 'ஆக்டிவேட்டட் கார்பன்' என்கிறார்கள். தமிழில் செயலூட்டிய கரி. மூன்று டன் கரியைப் போட்டால் ஏறக்குறைய ஒரு டன்தான் திரும்ப வரும். மீதி, வாயுவாகப் போய்விடும். காங்கேயத்துத் தொட்டிக் கரி தண்ணீர் வடிகட்டும் கருவிகளுக்குப் போகிறது. தங்கச் சுரங்கங்களில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடித்தெடுக்கவும் தொட்டிக் கரியைத்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். தங்கத்தையே பிடிக்கிற கரி, குரோமியத்தைப் பிடிக்காதா என்ற நினைப்பு வருவது நியாயம்தான்.

ஒரு கிராமில் 25 சென்ட்!

கரி எப்படிப் பிடிக்கிறது? நீராவி அந்தச் சூட்டில் கரியை உள்ளேயிருந்து அரித்துத் தின்கிறது. தின்ற இடமெல்லாம் துளைகள். துளைக்குள் துளை, அதற்குள்ளும் துளை. நல்ல தொட்டிக் கரி ஒரு கிராமை எடுத்து, அதன் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 25 சென்ட். ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர் நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

தண்ணீரில் இருக்கும் நச்சு இந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. பஞ்சு தண்ணீரைக் குடிப்பது மாதிரி இல்லை இது. சேற்றில் நடந்தால் காலில் மண் ஒட்டுகிற மாதிரி. கால் முழுக்க மண் அப்பியபிறகு, புதிதாக ஒட்ட இடம் இருக்காது. கரியும் அப்படித்தான். இடம் தீர்ந்தால் வேலை தீர்ந்தது. அதன்பிறகு வரும் நச்சு அப்படியே தாண்டிப் போகும்.

தொட்டியில்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. நெல் உமி, கரும்புச் சக்கை, கடலைத் தோல், சீமைக்கருவேல விறகு, புளியங்கொட்டை ஓடு என்று பலவற்றிலும் ஆராய்ச்சிக் கூடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவை ஏதோ ஓர் அளவில் ஈயம், காட்மியம், நிக்கல், செம்பு, குரோமியம் ஆகியவற்றைப் பிடிக்கின்றன. தொட்டிக் கரி கெட்டியானது, சீக்கிரம் பொடியாகாது, நுண்துளை அதிகம். அதனால் அதற்குத் தனி மவுசு.

ஒரு முக்கியமான விஷயம், தண்ணீரின் கார அமில நிலை. ஈயம், காட்மியம், நிக்கல், செம்பு போன்றவை 5, 6 என்ற அளவில் நன்றாக ஒட்டுகின்றன. தோல் பகுதியின் பெரிய கவலையான ஆறாம் நிலைக் குரோமியமோ, தண்ணீர் 2, 3 என்று கடும் புளிப்பாக இருக்கும்போதுதான் நன்றாகப் பிடிபடும். நம் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் 7, 8 என்று இருக்கும். ஆய்வுக்கூடத்தில் நல்ல முடிவு காட்டிய கரி, கிணற்றடியில் சோடை போவதற்கு இது ஒரு காரணம்.

கரி ஊரிலும் கெட்டுப்போன கிணறு

காங்கேயத்தை விட்டுக் கிளம்பும்முன் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் பொருள் தயாராகும் இந்த வட்டாரத்திலேயே, தண்ணீர் கெட்டுப்போனதாகப் பல வருடங்களாக விவசாயிகள் போராடி வருகிறார்கள். காங்கேயம், பல்லடம் பக்கத்துக் கிராமங்களில் இந்தப் புகார் பழையது.

காரணம், திறந்த குழி. தொட்டி கருகும்போது புகையோடு தாரும் பிசினும் வெளிவருகின்றன. கரியைத் தண்ணீர் ஊற்றி அணைக்கும்போது அந்தத் தாரும், பீனால் வகை நச்சுகளும் தண்ணீரோடு மண்ணில் இறங்குகின்றன. கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகி, புகை வாடை அடிக்கத் தொடங்குகிறது. புகையை உள்ளேயே எரித்து, அந்தச் சூட்டையும் பயன்படுத்தும் மூடிய உலைகள் உண்டு. தண்ணீர் ஊற்றாமல், காற்றுப் புகாமல் மூடி ஆறவைக்கும் முறையும் உண்டு. ஆனால், குழி வெட்டுவதற்குச் செலவு குறைவு.

பாலாற்றங்கரைக் கிணற்றைக் காப்பாற்ற நொய்யல் கரைக் கிணற்றைக் கெடுப்பது தீர்வாகாது. 'இயற்கைப் பொருள்' என்று எழுதியிருந்தாலே போதும் என்று நினைக்கிறவர்கள், இந்தக் களங்களை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

நொய்யல் சொல்லும் பாடம்

காங்கேயத்திலிருந்து சென்னிமலை வழியாக ஈரோடு போகும்போது நொய்யலைத் தாண்ட வேண்டும். பக்கத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறிப்போனது ஊரறிந்த கதை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்னது.

இங்கே நின்று கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சாயத் தண்ணீரில் கரியைப் போட்டால் நிறம் போய்விடும். தண்ணீர் பளிங்கு மாதிரி தெரியும். ஆனால், சாயமேற்றப் போட்ட உப்பு அப்படியே இருக்கும். சாதாரண உப்பைக் கரி பிடிக்காது. நிலத்தை மலடாக்குவதில் நிறத்தைவிட உப்புக்குத்தான் பங்கு அதிகம். கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர் எல்லாம் பயிருக்கு நல்ல தண்ணீர் என்று நம்பிவிடக் கூடாது. தோல் பகுதியிலும் இதே கதைதான்.

ஆவாரம்பட்டை போய், குரோமியம் வந்தது

ஈரோட்டில் ரயில் ஏறினால் சேலம், மொரப்பூர், திருப்பத்தூர், ஜோலார்பேட்டை, அடுத்து வாணியம்பாடி. ஒருபக்கம் ஏலகிரி, இன்னொருபக்கம் ஜவ்வாது மலை. நடுவே பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, வயலூரில் கடலில் சேர்கிற ஆறு. ஓடுகிற ஆறு என்று எழுதுவது வழக்கம். வருடத்தில் பெரும்பாலான நாள்களில் இது மணல் கிடக்கிற ஆறுதான். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் உண்டு.

மேலே வறண்டிருந்தாலும் மணலுக்கு அடியில் தண்ணீர் உண்டு. அதை நம்பித்தான் இரண்டு கரையிலும் நெல், கரும்பு, வாழை, தென்னை இருந்தன. அதே தண்ணீரை நம்பித்தான் தோல் தொழிலும் வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது.

தோல் பதனிடுவது இங்கே பழைய தொழில். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றை வைத்துத்தான் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஆகும். கழிவு நாற்றம் அடிக்கும். ஆனால், அதில் குரோமியம் கிடையாது. 1970-களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு வந்தது. முழுதாகப் பதனிட்டு, ஷூவாகவும் பையாகவும் செய்து அனுப்பு என்பது கொள்கை. வேகமாக வேலை முடிய வேண்டுமே! ஒரு நாளில் பதனிட்டுத் தரும் குரோமிய உப்பு வந்தது. போட்ட குரோமியத்தில் 60, 70 சதவிகிதத்தைத்தான் தோல் எடுத்துக்கொள்ளும். மிச்சம் தண்ணீரோடு வெளியே போகும்.

செடியின் பட்டையை விட்டுவிட்டு உலோகத்துக்குப் போனோம். இப்போது அந்த உலோகத்தைப் பிடிக்க மறுபடி மரத்தின் கரியைத் தேடுகிறோம்.

வேலைவாய்ப்பு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் ஆம்பூர் சாலையில் நின்றால், ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன்கள் வரிசையாக வருகின்றன. வயல் கைவிட்ட பல குடும்பங்களுக்கு இன்றைக்கு அந்தச் சம்பளம்தான் அடுப்பு எரிக்கிறது. அதனால்தான் இந்தப் பகுதியில் யாரும் தொழிற்சாலையைப் பற்றிச் சத்தமாகப் பேசுவதில்லை.

ஆற்றை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பில், விவசாயி ஒருவர் கிணற்றைக் காட்டினார். "தண்ணி பாக்கறதுக்கு நல்லாத்தான் சார் இருக்கும். பாய்ச்சி மூணாம் நாள் பாருங்க, மண்ணு மேல வெள்ளையா பூத்துக்கும்" என்றார். காய் சிறுத்துவிட்டது. நெல்லை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. குடிக்க, கேன் தண்ணீர் வாங்குகிறார். "மாட்டுக்கும் கேன் தண்ணியா சார் வாங்க முடியும்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நீதிமன்றம் சொன்ன கணக்கு

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம், பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டறிந்திருந்ததை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. 'கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வலுவாக வேரூன்றியதில் இந்தத் தீர்ப்புக்கு முக்கியமான பங்கு உண்டு. பாலாற்று விவசாயியின் கிணறு, நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிற பாடமாகிவிட்டது. கிணறு மட்டும் மாறவில்லை. 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றம் இதே ஆற்றைப் பற்றிப் பேசி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும், அதைக் கெடுத்தவர்களிடம் வசூலிக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது.

கரிக்கு எங்கே வேலை?

தோல் ஆலைக் கழிவைச் சுத்தம் செய்வதில் ஒரு வரிசை உண்டு. குரோமியம் போட்டுப் பதனிட்ட தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில், லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் குரோமியம் இருக்கும். இதைக் கரியில் விட்டால் கரி உடனே நிரம்பிவிடும். அதனால், இந்தத் தண்ணீரைத் தனியாகப் பிரித்து, காரம் சேர்த்து, குரோமியத்தைச் சேறாக அடியில் படியவைக்க வேண்டும். அதை அமிலத்தில் கரைத்து மறுபடி பதனிடவே பயன்படுத்தலாம். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இப்படிக் குரோமியத்தை மீட்கும் முறைகளில் நீண்டகாலமாக வேலை செய்திருக்கிறது. ஆலைக்கும் இது லாபம்.

பிறகு, மற்ற கழிவுநீரோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். அதற்கும் பிறகு மிஞ்சுகிற நிறம், வாடை, கொஞ்சநஞ்ச உலோகம் ஆகியவற்றைப் பிடிக்கும் கடைசிக் கட்டத்தில்தான் கரிக்கு வேலை. கடைசியாக உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வு.

இந்தியத் தர நிர்ணயப்படி, குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆலையிலிருந்து வெளிவிடும் தண்ணீரில் மொத்தக் குரோமியத்துக்கு 2 மில்லிகிராமும், ஆறாம் நிலைக் குரோமியத்துக்கு 0.1 மில்லிகிராமும் வரம்பு. ஆயிரத்திலிருந்து இரண்டுக்குக் கொண்டுவருவது காரத்தின் வேலை. இரண்டிலிருந்து இன்னும் கீழே இறக்குவதற்குத்தான் கரி.

அது என்ன ஆறாம் நிலை? குரோமியம் இரண்டு குணத்தில் இருக்கும். மூன்றாம் நிலைக் குரோமியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், எளிதில் நகராது. பதனிடப் போடுவது இதுதான். ஆறாம் நிலைக் குரோமியம் தண்ணீரில் கரைந்து, தண்ணீர் போகிற இடமெல்லாம் போகும். புற்றுநோய் வரவழைக்கக் கூடியது. அதன் ஊர்தான் ராணிப்பேட்டை.

மஞ்சள் தண்ணீர்

ஆம்பூரைத் தாண்டி, பள்ளிகொண்டா, வேலூர் வழியாக ராணிப்பேட்டை. இங்குள்ள சிப்காட் வளாகத்தில் குரோமிய உப்புகள் தயாரித்த ஆலை ஒன்று 1995-ல் மூடப்பட்டது. ஆலை போனது. அது கொட்டி வைத்த ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு போகவில்லை. திறந்தவெளியில் குவியலாகக் கிடந்தது. மழை பெய்தால், அதில் இறங்கி வரும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். ஆறாம் நிலைக் குரோமியத்தின் நிறம் அது. 2006-ல், நியூயார்க்கில் இயங்கும் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, அதில் ராணிப்பேட்டையும் இருந்தது.

இதே ஊரில் 2015 ஜனவரி 31-ம் தேதி, தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. அன்று பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் புதைந்து இறந்தார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்தாயிற்று. பிரித்தெடுத்ததை வைக்க இடம் இல்லாமல் சேர்த்துக்கொண்டே போனதன் விலை அது.

கரியும் இந்தக் கணக்கிலிருந்து தப்பாது. கரி குரோமியத்தைப் பிடிக்கும், அழிக்காது. உலோகத்தை எந்தக் கரியும் அழிக்க முடியாது. தண்ணீரில் இருந்த நச்சு, கரிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நிரம்பிய கரியைக் காரக் கரைசலில் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். அப்போது குரோமியம் அந்தக் கழுவிய தண்ணீரில் இருக்கும். எரித்தால் கரி போகும். குரோமியம் சாம்பலில் மிஞ்சும். மூன்றாம் நிலையில் இருந்தது, சுண்ணாம்போடு சேர்ந்து சூடாகும்போது ஆறாம் நிலைக்கு மாறவும் கூடும். வயலில் கொட்டினால், சுற்றிப்போய் அதே கிணற்றுக்கு வரும். கடைசியில், கும்மிடிப்பூண்டியில் இருப்பதைப் போன்ற அபாயக் கழிவுக் கிடங்குக்குத்தான் அது போக வேண்டும்.

கிணற்றடிக் கணக்கு

இப்போது வாசகர் கேட்ட 'எத்தனை கிலோ?' என்பதற்கு வருவோம். கணக்குப் புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் கிணற்றில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குரோமியம் இருக்கிறது. அது குடிநீர் வரம்பைவிடப் பத்து மடங்கு. ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்டினால், ஒரு பாய்ச்சலுக்குச் சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் இருக்கும் குரோமியம் 100 கிராம்.

கிணற்றுத் தண்ணீரின் கார அமில நிலையிலும் உப்பு நெரிசலிலும், ஒரு கிராம் செயலூட்டிய கரி 2 மில்லிகிராமைப் பிடிக்கிறது என்று வைப்போம். 100 கிராம் குரோமியத்துக்கு 50 கிலோ செயலூட்டிய கரி வேண்டும். அதற்கு 150 கிலோ சாதாரணக் கரி. அதற்கு 4,500 முழுத் தொட்டி. ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு வருடம் 100 காய் என்றால், ஒரு ஏக்கர் தென்னந்தோப்பின் ஒரு வருடத் தொட்டியில் பாதிக்கும் மேல் ஒரே ஒரு பாய்ச்சலுக்குப் போய்விடும். முடிவில், 50 கிலோ நச்சுக் கரி உங்கள் கையில் நிற்கும். உப்பும் குறைந்திருக்காது.

கரி மூட்டையைக் கிணற்றில் இறக்குவது இன்னும் வீண். மூட்டையைச் சுற்றியுள்ள தண்ணீர்தான் கரியைத் தொடும். அடியிலிருந்து ஊற்று புதுத் தண்ணீரைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். நிரம்பிய மூட்டையை எடுக்க மறந்தால், தண்ணீரின் தன்மை மாறும்போது பிடித்ததில் ஒரு பகுதியைத் திரும்ப விடவும் செய்யும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில், எது எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான பாசன நீர்ப் பரிசோதனையில் கார அமில நிலையும் உப்பின் அளவும்தான் பார்ப்பார்கள். 'குரோமியமும் பார்க்க வேண்டும். மொத்தக் குரோமியம் தனி, ஆறாம் நிலை தனி' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, நிழலில் குளுமையாக வைத்து, அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலோ எங்கே செய்ய முடியும் என்று விசாரிக்கலாம். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் வழி கேட்கலாம். அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். இழப்பீடு என்று வரும்போது அந்தத் தாள்தான் பேசும்.

குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர் வேண்டாம். கொதிக்கவைத்தால் குரோமியம் போகாது. தண்ணீர் சுண்டுவதால் இன்னும் செறிவாகும். அடுப்புக்கரி, மணல், கூழாங்கல் போட்ட பானை வடிகட்டியை இதற்கு நம்பக் கூடாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் கிடைக்கும் ஊர்களில் குடிக்க அதையே பிடித்து வையுங்கள். கறவை மாட்டுக்கும் முடிந்தவரை அதையோ, மழைநீரையோ கொடுங்கள்.

நிலத்தைப் பொறுத்தவரை, கரிக்கு ஒரு வேலை உண்டு. மட்கிய தொழுவுரத்தோடு சாதாரணக் கரித்தூளைக் கலந்து மண்ணில் சேர்த்தால், உலோகங்கள் நகர்வது குறையும். மட்கு, ஆறாம் நிலைக் குரோமியத்தை மூன்றாம் நிலைக்கு மாற்றவும் உதவும். இது நச்சை நீக்குவதில்லை, கட்டிப்போடுகிறது. கழிவுநீர் வடிகட்டிய கரியை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். 'பழைய பில்டர் கரி, சும்மா தருகிறோம்' என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள், அடுப்பிலும் போடாதீர்கள்.

கழிவு கலந்த மாசுக் குவியல்களில், ஆறாம் நிலைக் குரோமியத்தை மாற்ற அன்னபேதி உப்பைப் பயன்படுத்துவது உண்டு. நமக்குக் கடையில் கிடைக்கிற சரக்குதான் என்று அதைக் கிணற்றில் கொட்டிவிட வேண்டாம். அளவும் மேற்பார்வையும் இல்லாமல் செய்தால் தண்ணீர் வேறு விதமாகக் கெடும்.

கெட்ட தண்ணீரை வைத்துக்கொண்டு கீரை, முள்ளங்கி, கிழங்கு போடுவதைத் தவிருங்கள். உப்பைத் தாங்கும் சவுக்கு போன்ற மரப்பயிர்களுக்கு மாறுவது பாதுகாப்பு. மழைநீரைப் பண்ணைக்குட்டையில் பிடித்து, கிணற்றுத் தண்ணீரோடு கலந்து பாய்ச்சினால் உப்பின் கடுமை குறையும்.

கடைசியாக, கரியை ஆலையின் வாசலுக்கு உள்ளேயே வைக்க வேண்டும். ஒரு டேங்கர் கழிவில் இருக்கும் நச்சை அங்கே பிடிப்பது சுலபம். ஆயிரம் கிணற்றில் பரவியபிறகு பிடிப்பது யாராலும் ஆகாது. அதனால், உங்கள் ஊர்ப் பக்கத்துச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றிக் கிராம சபையிலோ, மாவட்டக் குறைதீர்க்கும் கூட்டத்திலோ பேசும்போது, 'கரி வடிகட்டி வைத்திருக்கிறீர்களா?' என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 'கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? எடுத்த கரி எத்தனை கிலோ? அது எந்தக் கிடங்குக்குப் போனது? ரசீது இருக்கிறதா?' என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் இதைக் கேட்கலாம். மாற்றாத கரியும், போன இடம் தெரியாத கரியும் உங்கள் கிணற்றுக்குத்தான் வந்து சேரும்.